கோடுகள் நெருங்கும் இடம்

என் கணவர் எமிலியானுஸுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. நாங்கள் குடியேறிய நகரத்தின் கடலோரப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஓர் உணவகத்தில் மீன் கழுவுகிற மனிதர், என் தம்பிக்குக் கனடா எல்லைக்கு வழி சொல்லக் கிளம்பினார்.

தம்பி ஸ்ரனிஸ்லாஸின் மனைவி கனடாவில். அவனுக்குக் கிடைத்ததோ அமெரிக்க விசா. மிச்சத் தூரத்தைப் புல்வெளிக்குள்ளால் நடந்து கடக்க வேண்டுமாம். ஏஜென்சிக்காரன் போனில் ஒரு வரைபடத்தை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிட்டான். தம்பி அதை எங்களுக்கு அனுப்பினான். நீலத்தில் சில கோடுகள், மண்ணிறத்தில் வளைந்து வளைந்து எக்கச்சக்கமான கோடுகள்.

"நீலம் ஓடை. மண்ணிறம் ஒழுங்கை, சின்னப் பாதையள்," என்று இவர் போனில் விளக்கினார். "ஒழுங்கையள் நெருங்கிக் கிடக்கிற இடத்திலை சனம் இருக்கும். பனி கொட்டினா அந்தப் பக்கம் போ, மச்சான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

நகரின் லிபெர்த்தா வட்டாரத்தில் நான் வீட்டோடு பராமரிக்கும் கிழவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். இன்று மத்தியானம் சூப் ஊட்டிவிட்டு, தம்பியின் பயணத்தைச் சொல்லி அந்தப் படத்தைக் காட்டினேன். கொஞ்சம் பெருமைக்கும்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவை பாதைகள் இல்லை, மலர். நிலத்தின் உயரத்தைக் காட்டும் கோடுகள். நெருங்கினால் செங்குத்து என்று அர்த்தம்." சனம் இருக்கும் என்று என் கணவர் சொன்ன இடத்தில் கிழவர் விரலை வைத்தார். "இது தனியாக எழும்பி நிற்கும் பாறைக் குன்று. சுற்றிவர வெறும் சரிவு."

"வீடுகள்?"

"ஒரு கொட்டில்கூட இல்லை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தவர் ஒருவர், கெடப்போகிறவன் என் தம்பி. எமிலியானுஸின் நாக்கை அறுக்க வேண்டும் போல் இருந்தது. உடனே தம்பியை அழைத்தேன். போன் நிறுத்தப்பட்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தேன், நான் சூப் ஊட்டிய நேரத்தில் அவனுடைய குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. அழுத்தினேன். காற்று இரைந்தது.

"அக்கா, இஞ்சை ஒரே பனி. முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. நீ பயப்பிடாதை, அத்தான் காட்டின பக்கம்தான் போறம். கைக்குழந்தையோடை ஒரு குடும்பம் வழி தெரியாமல் நிண்டவை. அவையையும் கூட்டிக்கொண்டு போறன்."