கழற்றுங்கள், மாட்டுங்கள், கிளம்புங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதி, பிறகு அடித்து நீக்கிய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். கடையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு சாமானின் படத்துக்கும் கீழே நாலைந்து வரி இருக்குமே, அதை எழுதுவதுதான் என் வேலை. பெட்டிக்குள் வரும் தாள் வேற்று மொழியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதைப் படித்துத் தமிழில் சுருக்க வேண்டும். கதைகளும் எழுதுவேன். என் கதைகளில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில் இல்லை. சாமானுக்கு எழுதிய வரிகளை மட்டும் ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அதனால் இந்தக் கதையில் எதையும் அடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தேறாத வாக்கியங்களும் அடைப்புக்குறிக்குள் கிடக்கட்டும்.

2

[தொடக்கம்: விடியற்காலை. மலைப்பாதையில் ஒரு பிக்கப் வண்டி முனகிக்கொண்டே... வேண்டாம். வண்டியை முனகவிட்டால் பழி வண்டியின் மேல் போய்விடும்.]

[தொடக்கம்: தேன்காரருக்கு எப்போதும் அவசர புத்தி. இது பொய். ஆனால் எனக்கு ரொம்ப வசதியான பொய். அரைப்பக்கம் வரை எழுதிப் பார்த்தேன்.]

தேன்காரர் நிதானமான மனிதர். ஐம்பது வயது. நாற்பத்திரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். எங்கே பூ பூக்கிறதோ அங்கே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார். சமவெளியில் பூ முடிந்தால் மலைக்கு அந்தப் பக்கம். அவரும் மனைவியும் ஒரு பழைய பிக்கப் வண்டியும்தான் மொத்தக் குடும்பம். கிளட்ச் இல்லாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி.

அந்த வண்டியின் கியர்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்க ஒரு தட்டு உண்டு. பட்டறையில் பேன் என்பார்கள். பதினோரு வருஷம் உழைத்த பேன் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. புதிது வாங்க வேண்டும்.

3

சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு புருஷனும் மனைவியும் பேன் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வகை இருந்தது. வண்டிக் கம்பெனியே தரும் இரும்புப் பேன். அதைப் பார்த்துச் செய்த மலிவான இரும்புப் பேன். மூன்றாவது, வெளிக் கம்பெனி செய்த அலுமினியப் பேன், பழையதைவிட மூன்று விரல் ஆழம் கூடியது.

"பழைய மாதிரியே வாங்கிடுங்களேன். பதினோரு வருஷம் ஒரு தொந்தரவும் கொடுக்கலையே," என்றாள் மனைவி.

"அதுல எண்ணெய் வடிக்க ஒரு திருகு உண்டா? ஒவ்வொரு தடவையும் பேனையே கழட்டி எண்ணெய்ல குளிக்கிறது நான்தானே?"

"வாரம் ஒருமுறையா குளிக்கிறீங்க? நாலு வருஷத்துக்கு ஒருமுறை."

"இதைக் கேளு முதல்ல." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

*மேடு ஏறும் வண்டிக்கு அடிவயிறு குளிர வேண்டும். ஆழம் கூடிய அலுமினியப் பேன். சூட்டை உதறும் விலாக்கள். எண்ணெய் வடிக்கத் தனித் திருகு. பழையதைக் கழற்றுங்கள், இதை மாட்டுங்கள், கிளம்புங்கள்.*

"யாரோ நல்லா எழுதியிருக்கான்," என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டிக்கு அடிவயிறாம்! சரி, வாங்கித் தொலைங்க."

(இந்தக் காட்சியில் நான் இல்லை. பிற்பாடு அந்த அம்மாள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மேஜையும் கண்ணாடியும் நான் போட்டவை. அவர் இரண்டு தடவை வாசித்தது நான் போட்டதல்ல.)

4

கடைசி வரிக்கு முன்னால் ஒரு வாக்கியம் இருந்தது. "ஆழம் கூடியதால் வழக்கமான அளவுக்கு மேல் இரண்டரை லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும், உடன் வரும் நீட்டுக்குழாயை எண்ணெய் வடிகட்டியின் வாயில் பொருத்த வேண்டும்." தாளில் இருந்ததை நானே தமிழில் எழுதினேன். நானே எடுத்தேன். இடம் போதவில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் இடம் இருந்தது. கழற்றுங்கள், மாட்டுங்கள், கிளம்புங்கள் என்று ஓடி வருகிற ஓட்டத்துக்கு முன்னால் அது ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். காதுக்கு உறுத்தியது. எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். நன்றாக எழுதிவிட்ட சந்தோஷம்.

5

தேன்காரர் பேனைத் தானே மாட்டினார். சுத்தமான கைவேலை. பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் பிடித்து, எதுவரை நின்றதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். தரையில் சிந்தியதற்காக ஒரு டம்ளர் சேர்த்துக்கொண்டார். புது எண்ணெயை அதே கோடு வரை அளந்து ஊற்றினார். அந்த வண்டி கியர்பாக்ஸில் எண்ணெய் மட்டம் பார்க்க அளவுக்கம்பி கிடையாது. பெட்டிக்குள் இருந்த தாள் அவருக்குப் புரியாத மொழியில் இருந்தது; கூட இருந்த சின்னக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு வண்டிக்கானது போலிருக்கிறது என்று எடுத்து வைத்தார்.

அவர் கவனமாக இருந்ததுதான் அவரைக் கவிழ்த்தது. அளக்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியிருந்தால் ஒருவேளை...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.]

சமவெளியில் நாலு நாள் வண்டி நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் நாற்பத்திரண்டு பெட்டிகளின் வாசலையும் அடைத்து, அடுக்கிக் கயிறு கட்டி, விடியலில் மலை ஏறினார்கள். வெயில் ஏறுமுன் அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும். அடைத்த பெட்டி காற்றோட்டத்தில்தான் தாங்கும். வண்டி நின்றால் உள்ளே சூடு ஏறும், மெழுகு இளகும், தேன் வழியும். தன் தேனிலேயே தேனீ மூழ்கிச் சாகும்.

பாதி மலையில் வண்டி இழுக்க மறுத்தது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. ஆழம் கூடிய பேனில் எண்ணெய் மட்டம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது; ஏற்றத்தில் அதுவும் பின்னுக்கு ஒதுங்க, வடிகட்டி வெறும் காற்றை உறிஞ்சியது. அது அவருக்குத் தெரியாது. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளப்பினார். இரண்டு வளைவு போனதும் அதே கதை. மூன்றாவது முறை கருகிய நாற்றம் வந்தது. அதோடு சரி.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "ஒரு சொட்டு ஒழுகல. காய்ஞ்சு கிடக்கு," என்றார். அதுதான் அவருக்குப் புரியவே இல்லை.

மணி ஒன்பதைத் தாண்டியது. பெட்டிகளுக்குள் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. எதிரே ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள்.

"திறந்து விட்டுடலாங்க," என்றாள் மனைவி.

"பிள்ளைங்க நிக்குது."

"இரைச்சல் மாறுது, கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்குது. நீ ஓடிப்போய்ப் பிள்ளைங்களை உள்ளே அனுப்பச் சொல்லு. அதுவரைக்கும் நான் திறக்கமாட்டேன்."

அவள் ஓடினாள். ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கடைசி ஜன்னலை அடைக்கும்வரை அவர் பெட்டிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்கு எட்டியதையெல்லாம் திறந்தார். நடு அடுக்கு எட்டவில்லை. கயிற்றை அறுத்து இறக்குவதற்குள் அங்கே இரைச்சல் நின்றுவிட்டது. பெட்டியின் இடுக்கிலிருந்து தேன் வடிந்து தார்ச்சாலையில் ஓடியது.

பதினேழு பெட்டிகள் தப்பின.

6

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் மட்டும் கடைக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னாள். "மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டு, இந்தப் பேனுக்கு எண்ணெய் ஜாஸ்தி ஊத்தணும்னு சொல்றாரு. அதை நீங்க எங்கேயும் எழுதலையே தம்பி? அவர் எனக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினாரு. இதை எழுதினது யாரு?"

"அதெல்லாம் கம்பெனியிலிருந்து வர்றதுங்க. நாங்க அப்படியே போடுறோம்," என்றேன்.

"அப்போ கம்பெனிக்குச் சொல்லுங்க. அந்த மனுஷன் சாப்பிட மாட்டேங்கறாரு."

"சொல்றேம்மா."

அன்று சாயங்காலமே இணையப் பக்கத்தைத் திறந்து, நான் எடுத்த வாக்கியத்தை அதே இடத்தில் சத்தமில்லாமல் திரும்ப வைத்தேன். இன்னொருவருக்கு இப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக அதை மட்டும்தான் நினைத்தேன்.

[சத்தியமாக என்ற சொல் வேண்டாம் என்று தோன்றுகிறது. கிடக்கட்டும்.]

அடுத்த வாரம் தேன்காரரே வந்தார், மனைவியோடு. அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

"மன்னிக்கணும் தம்பி. இவ வந்து உங்களைச் சத்தம் போட்டுட்டாளாம். நேத்து மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். தெளிவாத்தான் எழுதியிருக்கீங்க. இரண்டரை லிட்டர், குழாய், எல்லாம் இருக்கு. நான்தான் படிக்காம விட்டிருக்கேன்."

"அன்னைக்கு நீங்க வாசிச்சதுல இது இல்லைங்க," என்றாள் மனைவி. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இருந்திருக்கும்மா. ஓட்டமா வாசிக்கிறப்போ கண்ணு தாண்டியிருக்கும். என் ஆசைக்கு அவ்வளவும் செத்துப்போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். என்னைச் சந்தேகப்பட்டாள் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அப்படி இல்லை. தன் காதையே சந்தேகப்படுகிறவளின் பார்வை அது.

"பரவாயில்லைங்க," என்றேன்.

மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு நான் மன்னிப்புக் கொடுத்து அனுப்பினேன்.

7

இங்கே ஒரு முடிவு வேண்டும்.

[ஒன்று: தெருமுனைவரை ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னை அறைகிறார். நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஓடவில்லை. அடுத்து வந்தவருக்கு விளக்கு பல்பு எடுத்துக் கொடுத்தேன்.]

[இரண்டு: சொல்கிறேன், அவர் என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே இதை நம்பாதீர்கள்.]

[மூன்று: வருஷங்கள் ஓடின, பெட்டிகள் மறுபடி பெருகி...]

நடந்தது இவ்வளவுதான். பதினேழு பெட்டிகளோடு அவர் சமவெளியிலேயே தங்கிவிட்டார். ஒருமுறை விளக்குக் கண்ணாடி வாங்க வந்தார்கள். டப்பாவை எடுத்த கையோடு மனைவியிடம் நீட்டி, "நீ படி. நான் படிச்சா சரியா வராது," என்றார். அவள் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு வரை படித்தாள்.

நீயே போய்ச் சொல்லேன் என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் வேலை போய்விடும் என்று பயம். அந்த வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை. இருந்தும் போகவில்லை.

ஆகவே முடிவை எழுதப்போவதில்லை. அது உங்கள் கையில். தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் அப்படியொருவரை, எதை வாங்கினாலும் மனைவியிடம் படிக்கக் கொடுப்பவரை, எங்காவது கண்டால் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்: அவர் வாங்கிய நாளில் அந்த வாக்கியம் அங்கே இல்லை. அந்த அம்மாளின் காது சரியாகத்தான் கேட்டது. அவர் ஓர் எழுத்துக்கூட விடாமல்தான் படித்தார்.