கொட்டாப்புளித் தோட்டா

இதனால் க்ரூக்கட் ரன் வேட்டைச் சங்கத்தின் நூற்றுப் பதினான்கு உறுப்பினர்களுக்கும், அவர்தம் வாரிசுகளுக்கும், இன்னும் பிறவாத வேட்டைக்காரர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: வீட்டில் நிரப்பிய தோட்டாவோடு எவரும் இனிச் சங்கத்தின் சுடுதளத்தில் கால் வைத்தல் ஆகாது. தலைவர் க்ளேட்டன் பர்செல் அவர்களின் ஆறு வார வகுப்பில் தேறி, அன்னார் வகுத்த பட்டியலில் உள்ள பதினேழு கருவிகளையும் உடையோருக்கு மட்டும் விலக்கு உண்டு.

பென்சில்வேனிய மலைக்காட்டின் நடுவே, சங்கக் கட்டடத்தில், காப்பிப் பானைக்கு மேலே இந்தச் சாசனம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதன் கீழிருந்து போன வருஷத்து மீன் வறுவல் விருந்தின் விளம்பரம் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

லொரெட்டா ஹுடாக் சாசனத்தை இரண்டு முறை படித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருஷமாக நானூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள். அவள் கணவன் யூஜின் வேலை பார்த்த ஆலையை ஆகஸ்டில் இழுத்து மூடிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டில் இறைச்சி இருக்க வேண்டுமென்றால் ஒரு மான் விழ வேண்டும். மான் விழ, சங்கத்தின் காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு, வருகிற சனிக்கிழமை நூறு கெஜத்துக்கு அப்பால் இருக்கும் காகிதத் தட்டில் மூன்று குண்டுகளை இறக்கியாக வேண்டும். கடையிலோ அவள் துப்பாக்கிக்கான தோட்டா, ஒரு வார மளிகை விலைக்கு உயர்ந்திருந்தது.

பதினேழு கருவிகளின் விலையை விசாரித்தாள். அந்தப் பணத்துக்கு ஒரு கன்றுக்குட்டியே வாங்கலாம்.

மாதா கோவில் பழம்பொருள் விற்பனையில், உடைந்த வாஃபிள் சுடும் அச்சுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி பன்னிரண்டு டாலருக்குக் கிடந்தது. உள்ளே ஒரு எஃகுக் குழல், இரண்டு கம்பிகள், வெடிமருந்தை அளக்க ஒரு சின்னக் கரண்டி, மடித்து மடித்து நைந்த ஒரு தாள். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைக் குழலுக்குள் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியால், தட்ட வேண்டும். பிறகு அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே மருந்து, மேலே குண்டு. தோட்டா தயார். போன வருஷம் அவளே சுட்ட இருபது கூடுகளை ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருந்தாள். ப்ரைமர் டப்பா, மருந்து டப்பா, குண்டுப் பெட்டி வகைக்கொன்று வாங்கியதோடு கடைக்காரர் உறவு முடிந்தது.

தாளை அடி முதல் நுனி வரை படித்தாள். கேக் மாவுப் பெட்டியின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற கண் அது. அதில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டாள்: இந்தக் குழல் கூட்டின் கழுத்தை மட்டும்தான் இறுக்கும், உடம்பைத் தொடாது, ஆகவே எந்தத் துப்பாக்கியில் சுட்ட கூடோ, அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும்.

வெங்காயம் நறுக்கும்போது போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுப்படி மேஜையில் வேலையைத் தொடங்கினாள். ஐந்தாவது கூட்டில் ப்ரைமர் டப்பென்று வெடித்தது.

"என்னத்தைச் சுட்டே?" என்றான் யூஜின், கூடத்திலிருந்து.

"இன்னும் ஒண்ணும் சுடலை. நீ டிவியைப் பாரு."

"வீடு இருக்கா?"

"உன் பக்கம் இருக்கு. என் பக்கம் கொஞ்சம் புகை."

அடுத்ததிலிருந்து மெதுவாகத் தட்டினாள். மருந்துக் கரண்டியைத் தாளில் சொன்ன அளவுக்கு நிரப்பி, அட்டையால் மட்டமாக வழித்தாள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே குண்டை வைத்தாள்.

சனிக்கிழமை சுடுதளத்தில் க்ளேட்டன் பர்செல் கையில் ஒரு கிளிப்போர்டோடு நின்றார். பெயர் பொறித்த தொப்பி. அதன் கீழே 'தலைவர்' என்றும் பொறித்திருந்தது, யாராவது மறந்துவிட்டால்.

"லொரெட்டா கண்ணு, அறிவிப்பைப் படிச்சியா?"

"படிச்சேன். அடியில மீன் வறுவல் தேதியும் படிச்சேன். அது முடிஞ்சு போச்சு."

"இது விளையாட்டில்ல. சுத்தியலால தட்டுன தோட்டா." பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "நான் முப்பது வருஷமா நிரப்புறேன். ஒரு தோட்டா சரியா தப்பான்னு போல்ட்டைத் தள்ளும்போதே என் கை சொல்லிடும். ஒண்ணு குடு, என் துப்பாக்கியிலயே பார்த்துடலாம். ரெண்டும் ஒரே ரகம்தான்."

"உன் துப்பாக்கிக்கு இது சேராது, க்ளேட்டன். என்னுதுக்கு மட்டும்தான். தாள்ல போட்டிருக்கு."

"தாளா? கண்ணு, அந்தத் தாளெல்லாம் நாங்க எழுதுறது."

அவருடைய துப்பாக்கி ஒரு சின்னக் கார் விலை. தோட்டாவை உள்ளே வைத்து, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைத் தள்ளினார். பாதி தூரம் போய் நின்றது. இன்னும் தள்ளினார். இன்னும் கொஞ்சம் போய், அங்கேயே சிக்கிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது. போல்ட் வரவில்லை.

வெடிக்காத தோட்டா உள்ளே. துப்பாக்கி, வாய் மண்மேட்டைப் பார்த்தபடி பெஞ்சில். அதை எடுக்கும்வரை யாரும் சுட முடியாது. பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தட்டு மாட்டுகிற கிழவர் ஃப்ளாய்ட் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார்.

"யார்கிட்டயாவது மரச்சுத்தி இருக்கா?" என்றார் க்ளேட்டன், யாரையும் பார்க்காமல்.

யாரிடமும் இல்லை. பட்டியலின் பதினேழு கருவிகளில் அது சேரவில்லை.

லொரெட்டா பையிலிருந்து கொட்டாப்புளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தர்றேன். மூணு குண்டு சுட விடணும்."

"சங்க விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லை, கண்ணு."

"விதியை எழுத அதிகாரம் இருந்துச்சுல்ல? கண்ணு கண்ணுன்னா கொட்டாப்புளி வராது. ஃப்ளாய்ட், நீங்க சாட்சி. நான் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். எனக்கு இன்னைக்கு லீவு."

"எனக்கும் சாண்ட்விச் இன்னொண்ணு இருக்கு," என்றார் ஃப்ளாய்ட்.

பின்னால் யாரோ குளிருதுய்யா என்று முனகினார்கள். க்ளேட்டன் பர்செல் கிளிப்போர்டில் என்னவோ கிறுக்கினார். "மூணு. மூணே மூணு."

அவள் போல்ட்டின் கைப்பிடியை அடியிலிருந்து நாலு தட்டு தட்டினாள். தோட்டா கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் துப்பாக்கியில் வேறு மூன்றைப் போட்டாள். போல்ட் வெண்ணெயில் கத்தி போல் மூடியது. மூன்று முறை சுட்டாள். ஃப்ளாய்ட் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்து போய்த் தட்டைக் கொண்டுவந்தார். மூன்று ஓட்டைகள், காப்பிக் குவளையால் மூடிவிடலாம்.

க்ளேட்டன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் மூன்றுதான் இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

சீட்டை மேல்சட்டைப் பையில் குத்திக்கொண்டு, எல்லாரும் பார்க்க, காப்பிப் பானைக்கு மேலிருந்த சாசனத்தைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள். வேட்டைப் பருவத்தின் தொடக்க நாளன்று விடியுமுன் காட்டுக்குள் போய், பத்து மணி நேரம் பனிமழையில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், பருவம் முடியும்வரை.

மான் வரவில்லை.