கண்ணையா பெயரில் வேறொரு முகம்

தேயிலைப் பொட்டலத்துக்குள் வந்த விளையாட்டு வீரர் அட்டைகளைச் சாந்தாமணி பாவாடை கட்டிய காலத்திலிருந்தே சேர்த்துவந்தாள். கோவை காந்திபுரத்தில் சொந்தமாகப் போட்டோ ஸ்டுடியோ வைத்து, நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பித்து விடவில்லை. எல்லாம் மில் அணிகளின் பூப்பந்து ஆட்டக்காரர்கள். எந்த அட்டையை நீட்டினாலும், அவர் எந்த மில், எப்படி அடிப்பார், யாரிடம் தோற்றார் என்று மடமடவெனச் சொல்வாள்.

கண்ணையாவின் அட்டை மட்டும் அகப்படாமலே இருந்தது. தொண்ணூற்றாறில் உக்கடத்துப் பழைய பேப்பர் கடைக்காரர் ரசாக் அதை அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். பார்த்ததும், இது கண்ணையா இல்லை என்றாள் சாந்தாமணி. கண்ணையா இடதுகைக்காரர்; படத்தில் இருந்தவர் வலதுகையில் மட்டை பிடித்திருந்தார். அச்சில் படம் திரும்பியிருக்கும் என்றார் ரசாக். அப்படியானால் பனியனில் இருக்கும் எண்ணும் அல்லவா திரும்பியிருக்கும் என்று கேட்டாள். தினமும் நெகட்டிவ் கழுவுகிறவளிடம் அவர் சமாதானம் எடுபடவில்லை.

கண்ணையா ஆடிய மில்லில் விசாரித்தபோது, அவர் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கேமராவும் கையுமாகப் போய் இறங்கினாள்.

கண்ணையா அட்டையைப் பார்த்துச் சிரித்தார். அது எதிரணி ஆளாம். கம்பெனிக்காரர்கள் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களாம். மோர் கொண்டுவந்த அவர் மனைவி ராமாமணி சிரிக்கவில்லை.

"இந்த அட்டையக் காட்டித்தான் அம்மணி எங்கப்பா சம்மதம் கேட்டாரு. மூஞ்சியப் பாத்து நானும் செரின்னு சொல்லிப்போட்டேன். மணவறையில பாத்தா வேற ஆளு உக்காந்திருக்கறாரு."

சாந்தாமணி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பறம் எப்படிங்க மனசு ஒத்துக்கிச்சு?" என்று மெல்லக் கேட்டாள்.

அத்தனை பேர் முன்னால் அப்பாவைத் தலைகுனிய வைக்க மனம் வராமல் கழுத்தை நீட்டியதாகச் சொன்னார் ராமாமணி. ஒரு மாதம் சரியாகப் பேசக்கூட இல்லை. பிறகு பொள்ளாச்சியில் கணவர் ஆடிய பந்தயத்தைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"இந்தப் படத்துக்காரரு எதிர்ப்பக்கம் நின்னாருங்க. எங்கூட்டுக்காரரு அடிச்ச பந்துல பாதிகூட அவரு மட்டையில படல. எனக்கு அன்னிக்கே கொறை தீந்துபோச்சு."

"இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றார் கண்ணையா. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சாந்தாமணி எழுந்து கேமராவை உறையிலிருந்து எடுத்தாள். முட்டிவலி என்று கண்ணையா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தோப்பில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தினாள். ராமாமணி பரணிலிருந்து பழைய மட்டையை இறக்கிக் கொடுத்தார். பந்து இல்லை. ஒரு எலுமிச்சங்காயை எடுத்து ராமாமணியே உயர எறிந்தார். கண்ணையாவின் இடதுகை சுழன்றது. காய் வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்த நொடியைச் சாந்தாமணி தவறவிடவில்லை.

பழைய அட்டையின் அளவிலேயே அதை அச்சிட்டு, ஆல்பத்தில் கண்ணையாவுக்கென்று விட்டிருந்த இடத்தில் ஒட்டினாள். மறுவாரம் ராமாமணியே காந்திபுரத்துக்கு வந்துவிட்டார். கூடத்தில் மாட்டப் பெரிதாக ஒன்று வேண்டுமாம்.

"மூஞ்சியும் கையும் ரெண்டும் நல்லாத் தெரியோணுங்க" என்றார்.