கடைசி நான்கு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகப் பிறந்திருக்க வேண்டியது. அப்படிப் பிறந்திருந்தால் எனக்கும் நிம்மதி. உங்களுக்கும் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஞாயிறு மலருக்குப் பொறுப்பான நாகநாதன் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். "கமலாம்பிகை அக்கா, டிவிடில வாங்கி வீட்டுல வெச்சுக்க வேண்டிய பத்துப் படம், சீரியல். லிஸ்ட்டு போதும். ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி. ஒரு பக்கத்தத் தாண்டினா வெட்டிருவேன். கடைசியிலருந்துதான் வெட்டுவேன். பிறகு கோவிச்சுக்கக் கூடாது."

இந்த 1999-இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் டிவிடி கருவி எத்தனை வீட்டில் இருக்கிறது? எங்கள் வீதியில் ஒரே ஒரு வீட்டில். பல் டாக்டர் வீடு. அவர் அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறார். மற்றவர்கள் விசிடிக்கே இப்போதுதான் பழகியிருக்கிறோம். இதைச் சொன்னேன். "அதுக்குத்தான் இப்பவே எழுதணும் லா அக்கா," என்றார். இவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

உட்கார்ந்தேன். ஒன்று என்று எண் போட்டு ஒரு தொடரின் பெயரை எழுதினேன். இரண்டு வரவே இல்லை. ஐந்து நாளாக வரவில்லை. இன்று சனிக்கிழமை, திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, அது ஏன் வரவில்லை என்பதை எழுதப்போகிறேன். நாகநாதன் தலையில் அடித்துக்கொள்ளட்டும்.

(அந்தத் தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது வாங்கிப் பார்த்துவிட்டு முடிவை ஊரெல்லாம் சொல்வீர்கள். முடிவுதான் இங்கே தகராறே.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "அலைகள் கரையைக் கொஞ்சும் எழில்மிகு பினாங்குத் தீவிலே," வேண்டாம். சுற்றுலாக்காரர்களுக்கு எழுதுவது போல் இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: "கண்ணீருடன் நல்லம்மாள் வீடியோ கடைக்குள் நுழைந்தாள்." பொய். நல்லம்மாள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்ததும் வேறொருவர் அழுதாரா என்பதுதான்.

மூன்றாம் முயற்சி: "எல்லாவற்றுக்கும் காரணம் பழனியப்பன் அண்ணனின் கஞ்சத்தனம்."

இது உண்மைக்குக் கிட்ட வருகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

எல்லாவற்றுக்கும் காரணம் பழனியப்பன் அண்ணனின் கஞ்சத்தனம். 1988-இல் பினாங்கு ஸ்திரீட்டில் அவருக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. நான் பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்துவிட்டு, மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் அவர் கடையில் உட்காருவேன். வயது முப்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இந்தக் கதையில் ஒன்றும் இல்லை, தேட வேண்டாம்.

படங்களும் தொடர்களும் சிங்கப்பூர் வழியாக ஒரே ஒரு மூல டேப்பாக வரும். ஓரிரவு வைத்திருந்து, பிரதி எடுத்து, மறுநாளே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அவர் வாங்கும் வெற்று டேப் சரியாக மூன்று மணி நேரம் ஓடும். சில தமிழ்ப் படங்களோ மூன்று மணி பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்னொரு டேப் போட அவருக்கு மனம் வராது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் முடிவுச் சீட்டு. டேப் எங்கே அறுகிறதோ அதற்கு மேல் நடப்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, டேப்பின் பெட்டிக்குள் வைத்துவிடுவது. எழுதும் வேலை எனக்கு. "நீங்க சிலோன்காரவுங்க, எழுத்துதானே உங்க பரம்பரைத் தொழிலு," என்று சொல்லி என் தலையில் கட்டினார்.

வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கோபிக்கவில்லை. திரையில் புள்ளி புள்ளியாக இரைந்ததும் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுந்து நின்று சீட்டைப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். நல்ல முடிவாக இருந்தால் மறுநாள் வந்து என்னையே பாராட்டுவார்கள்.*

* பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இதை இங்கேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

4

படங்களின் முடிவைப் பழனியப்பன் அண்ணன் வாயால் சொல்வார், நான் எழுதுவேன். தொடர் என்றால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். பதின்மூன்று பாகம் கொண்ட அந்தத் தொடரை இரண்டு டேப்பில் அடைத்தார். நான்கு நிமிடம் வெளியே நின்றுவிட்டது.

கதை, புருஷனை விட்டுப் பிரிந்து போகும் ஒருத்தியைப் பற்றியது. கடைசிப் பாகத்தில் அவள் பெட்டியோடு அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அங்கே டேப் முடிந்துவிடுகிறது.

"பிறகு என்னாச்சு அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? நான் குறட்ட விட்டுட்டேன். சேர்ந்திருப்பாங்க லா. வாசல் வரைக்கும் வந்தவ சேராம எங்க போவா? எழுதுங்க."

எழுதினேன். எனக்கு இன்றும் மனப்பாடம். "கதவு திறக்கிறது. அவளைக் கண்டதும் கணவன் குழந்தையைப் போல் தேம்பி அழுகிறான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பெட்டியை அவனே உள்ளே தூக்கிச் செல்கிறான். சுபம்."

அழுகை அவர் சொன்னதல்ல. நான் சேர்த்தது. எழுத்து நன்றாக வர வேண்டும் என்று சேர்த்தேன்.

5

நல்லம்மாளை இப்போது அறிமுகப்படுத்த வேண்டும். முப்பது வயதுக்குள் இருப்பாள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. பாகான் டாலாமில் அக்காள் வீட்டில் இருந்தாள். புருஷன் நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வாரம் ஒருமுறை பெரிப் படகில் கடல் தாண்டி வந்து டேப் எடுப்பாள். அக்கரையிலும் வீடியோ கடைகள் உண்டு. அங்கே புருஷன் வீட்டுச் சொந்தக்காரர்கள் வந்து போவார்களாம்.

இதெல்லாம் அவள் ஒரே நாளில் சொன்னதல்ல. டேப் மாற்ற வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவர்களுக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்து நாற்பது நாளில் இறந்துபோனது. புருஷன் அடிப்பவன் அல்ல, குடிப்பவனும் அல்ல. குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்து குளித்தான், சாப்பிட்டான், மறுநாள் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றி அதற்குப் பின் வாய் திறக்கவில்லை. அவளும் ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அவள் அந்தத் தொடரின் கடைசி டேப்பைப் பார்த்துவிட்டு, டேப் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். சனிக்கிழமை, கடையில் காலெடுத்து வைக்க இடமில்லை.

"அக்கா, சீட்டுல எழுதியிருக்கே. நெசமாவே அப்படித்தான் காட்டுனாங்களா?"

"ஆமா."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா."

"அவன் அழுதானா?"

"அழுதான்."

"நெசமா அழுதானா, இல்ல சும்மா அழுதானா?"

நடிகன் அழுவதில் நெசமென்ன, சும்மா என்ன என்று எனக்கு எரிச்சல் வந்தது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். "நெசமாத்தான் அழுதான்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

[இந்த இடத்தில் நான் மனம் உறுத்தி அவளைக் கூப்பிட்டதாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கூப்பிடவில்லை. அடுத்தவருக்கு டேப் எடுத்துக் கொடுத்தேன்.]

6

அடுத்த வாரம் அவளுடைய அக்காள் வந்து டேப்பைக் கொடுத்தாள். "தங்கச்சி புருஷன் வீட்டுக்கே போயிட்டா. யாரு சொல்லியும் கேக்காதவ, திடீர்னு சாமானக் கட்டிக்கிட்டா." பெட்டியைத் திறந்து பார்த்தேன். சீட்டு இல்லை.

ஒரு துண்டுச் சீட்டைப் படித்துவிட்டா ஒருத்தி வாழ்க்கையை முடிவு செய்வாள்? நம்பும்படி இல்லை என்று நாகநாதன் சொல்வார். நானும் அதைத்தான் சொல்கிறேன். கதாபாத்திரமாக நல்லம்மாள் தேறமாட்டாள். கற்பனை என்றால் அவளுக்கு ஒரு மாமியாரையும், ஒரு கடிதத்தையும், கோயிலில் ஒரு சகுனத்தையும் கொடுத்து நம்பவைத்திருப்பேன். வேறு காரணங்களும் அவளுக்கு இருந்திருக்கலாம். பதினோரு வருடமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொலைந்த சீட்டுக்குப் பதிலாக அன்றே புதிதாக ஒன்று எழுதி வைத்தேன். "இதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரியாது." அவ்வளவுதான். மூன்று நாளில் ஐந்து பேர் வந்து சண்டை போட்டார்கள். ஒரு அம்மாள் டேப்பை மேசையில் போட்டு, "முடிவு தெரியாமயா வாடகைக்கு விடுறீங்க?" என்று கத்தினாள். பழனியப்பன் அண்ணன் என்மேல் பாய்ந்தார். "உண்மைய யாரு கேட்டா உங்கள? முடிவத்தானே கேக்கறாங்க!" பழைய முடிவையே திரும்ப எழுதி வைத்தேன். இந்தத் தடவை கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

7

போன ஞாயிறு, பட்டியலுக்காகக் கொம்தார் அங்காடிக் கட்டடத்தில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, "அக்கா!" என்று ஒரு குரல். நல்லம்மாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. பக்கத்தில் பத்து வயதுப் பெண், மகளாம், அவள் மூக்கை அப்படியே உரித்து வைத்தாற்போல. புருஷனோடு அதே தோட்டத்தில்தான் இருக்கிறாளாம்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்க?

"இருக்கேன்க்கா. கொறையொண்ணும் இல்ல." கைப்பையை மறு தோளுக்கு மாற்றினாள். "அவுருதான் இன்னும் அப்படியே."

பட்டியல் எழுதுவதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அக்காள் மகன் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறானாம், தொழிற்சாலை ஊழியர் விற்பனையில் டிவிடி கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். போட்டுப் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

"அக்கா, அந்தச் சீரியல் வந்திருச்சா? கெடச்சா எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க. கடைசிய நான் கண்ணால பார்த்ததே இல்ல, எழுத்துலதான் படிச்சேன்." கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மடிப்பு கிழிந்து, பின்புறம் பசைத்தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. "அந்த ஆளு அழுறத ஒரு தடவ பாக்கணும். இங்கதான் ஒருத்தரும் அழக் காணோம், டிவிலயாச்சும் பார்த்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு பெரி வந்து நிற்கும் ஜெட்டிக்கு வருவதாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு என்பது நாளை.

8

கிடைத்தது. கிடைக்காமல் போயிருக்கக் கூடாதா? சிங்கப்பூர்ப் பெட்டி, மூன்று டிவிடித் தட்டு, பதின்மூன்று பாகமும் குறைவில்லாமல். பல் டாக்டரிடம் கெஞ்சி, பூச்சாடியை இறக்கி, அவர் வீட்டிலேயே கடைசித் தட்டைப் போட்டேன்.

அவள் கையைத் தூக்குகிறாள். பதினோரு வருடத்துக்கு முன் அறுந்த இடம். இப்போது அறுபடவில்லை. தூக்கிய கை அப்படியே இறங்குகிறது. காட்சி வீட்டுக்குள் போகிறது. புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டுத் தலை நிமிர்கிறான். சத்தம் தூரப் போகிறது. எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைகிறான். வெளியே அவள் பஸ் ஏறுகிறாள். நான்கு நிமிடம், ஒருவரும் அழவில்லை.

வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய முதல் தொடர் இதுவேதான். இவ்வளவு நல்ல முடிவை நான் எழுதியதே இல்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

9

ஆகவே, முடிவுகள்.

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவள் வேறு யாரிடமாவது கேட்பாள். இது முடிவல்ல, தள்ளிப்போடுவது.

கடைசித் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறேன். இன்று மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் திரும்ப வைத்தேன். பழனியப்பன் அண்ணன் செய்ததைத்தானே நானும் செய்வதாகும்?

உண்மையைச் சொல்கிறேன்: "நல்லம்மா, அந்த அழுகை நான் இட்டுக்கட்டியது." அவள் அந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அந்தப் பெண்ணும் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? பிழை என்று எழுத முடியவில்லை. நல்லதே நடந்தது என்று எழுதவும் கை வரவில்லை. எனக்கு அவமானமாக இருக்கிறது, அதை மட்டும் எழுத முடிகிறது.

கூடவே பெரி ஏறி, நிபோங் திபால் வரை போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நான்கு நிமிடத்தையும் பார்க்கிறேன். புருஷனும் அங்கே இருப்பான். (அவன் எழுந்து போவானா, இருப்பானா? அவனை நான் பார்த்ததே இல்லை. இத்தனை எழுதிவிட்டு அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.)

10

நாளைக்குப் பிறகு எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். நாளைக்குப் பிறகு எழுதத் துணிவிருக்காது, அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

டிவிடி பெட்டி மேசைமேல் இருக்கிறது, மூன்று தட்டும் உள்ளே. பக்கத்தில் பழக்கத்தில் கிழித்து வைத்த ஒரு துண்டுத் தாளும் இருக்கிறது. நாளை அவள் பெரியிலிருந்து இறங்கியதும் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கெடச்சிச்சா என்பாள். கடைசிப் பாகம் இருக்கா என்பாள். பிறகு, "நீங்க பார்த்தீங்களா அக்கா? அவன் அழுறானா?"

போன தடவை பார்க்காமலே பதில் சொன்னேன், ஒரு நொடிகூட ஆகவில்லை. இந்தத் தடவை பார்த்திருக்கிறேன்.

துண்டுத் தாளில் ஒன்றும் எழுத மாட்டேன். அது மட்டும் நிச்சயம். அவளிடம் என்ன சொல்வேன் என்பதை இதற்குக் கீழே நான்கு வரியில் எழுதியிருக்கிறேன், ஆனால் அது இன்னும் நடக்கவில்லை, நான் பார்க்கவும் இல்லை. நாகநாதன், ஒரு பக்கம் தாண்டிவிட்டது. நீங்கள் கடைசியிலிருந்துதானே வெட்டுவீர்கள்? இங்கே வெட்டுங்கள்.