சலூன் கதிரையில் கரடி

ரேச்சல் லேசில் யாரையும் நம்ப மாட்டாள். கொழும்பில் விசா எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவன் அவளுடைய பாஸ்போர்ட்டோடு காணாமற்போன நாளிலிருந்து வந்த குணம் அது. நாடு விட்டு வந்து, மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்து ஆறு வருடமாகியும் மாறவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்பவர்களை நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் எண்பத்துமூன்று வயது டெஸ்மன்ட், இளவயதில் அமெரிக்காவில் ஒரு கௌபாய் தொடரில் நடித்ததாகச் சொல்லிவந்தார். கப்பல் வேலைக்குப் போய், கலிபோர்னியாவில் இறங்கி, ஒரேயொரு வாரம் நடித்தாராம். வங்கி முதலாளி வேடமாம். முன்பொரு முறை தான் கப்பல் கப்டன் என்றவர்தான் அவர். அவருடைய மகளிடம் ரேச்சல் விசாரித்தபோது, "அப்பா கப்பலில் வெங்காயம் உரித்தவர்" என்று சிரித்தாள்.

அந்தத் தொடரை ஒரு சானல் பிற்பகல்களில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை வரப்போவது ஊருக்குள் கரடி நுழையும் வேடிக்கைக் கதை என்று பத்திரிகையில் கண்டதும் டெஸ்மன்டின் முகம் ஒரு மாதிரியானது. அதிலா நடித்தீர்கள் என்று ரேச்சல் கேட்டதற்கு, "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

புதன் மதியம், கூட வேலை செய்யும் மதுரைக்காரப் பெண் அஸ்வினி ஓடிவந்தாள்.

"அக்கா, ரிமோட்ட டெஸ்மன்ட் போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காரு. நானே பாத்தேன்!"

"எனக்குத் தெரியும். பொய் பிடிபடப்போகுது எண்டு பயம்."

ரேச்சல் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவர் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று தன் அறைக்குப் போய்விட்டார்.

கதை தொடங்கியது. ஷெரிப் மரத்தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கும்போது கரடி வந்து அவருடைய காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பிறகு சலூனுக்குள் புகுந்து கதிரையில் உட்கார்ந்தது. கண் மங்கலான சலூன்காரர், யாரோ தாடிக்கார வாடிக்கையாளர் என்று நினைத்து முகமெல்லாம் நுரை பூசினார். கூடத்திலிருந்த கிழவர்கள் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். ரேச்சல் சிரிக்கவில்லை. வங்கி முதலாளிக்காகக் காத்திருந்தாள். வந்தவருக்கோ ஐம்பது வயது, பெரிய தொந்தி.

நேரே டெஸ்மன்டின் அறைக்குப் போனாள்.

"அது நீங்கள் இல்லை."

"இல்லை" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "நான்தான் கரடி."

ரேச்சலுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "முகம் தெரியாத வேடம். யாரும் அப்படிச் சொல்லலாமே?"

"அதனால்தான் வங்கி முதலாளி என்று சொன்னேன். கரடி என்றால் யார் மதிப்பார்கள்?" அவர் திரும்பினார். "நுரை மூக்குக்குள் போய் மூன்று தரம் தும்மினேன். சலூன்காரராக நடித்தவருக்குச் சிரிப்பு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கத்தி தீட்டினார். மறுபடி எடுக்க நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள்."

அன்று பின்னேரம் வீட்டில் அவளுடைய கணவர் எமில் அந்தக் கதையைத் தன் போனில் தேடி எடுத்தார். கரடியின் தோள் மூன்று தரம் குலுங்கியது. சலூன்காரர் சட்டென்று திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகும் குலுங்கியது.

"முந்திப் பாத்து வச்சிருப்பாரப்பா" என்றாள் ரேச்சல்.

"உமக்கு ஆரைத்தான் நம்பேலும்? பொய் சொல்லுற மனிசன் ஷெரிப் எண்டு சொல்லுவார், குதிரைக்காரன் எண்டு சொல்லுவார். கரடி எண்டு சொல்லுவாரோ?"

ரேச்சல் போனை வாங்கினாள். அந்த இடத்தை இன்னும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை தேநீரை மேசையில் வைத்துவிட்டு, "கரடி வேடத்துக்குள்ளே சரியான வெக்கையாக இருந்ததா?" என்று கேட்டாள்.

கேலி செய்கிறாளோ என்று இப்போது அவர் சந்தேகப்பட்டார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலை மட்டும் இருபது கிலோ" என்று தொடங்கினார்.

ஐந்து கிலோ இருக்கும் என்று ரேச்சல் மனதுக்குள் குறைத்துக்கொண்டாள். மிச்சத்தைக் கேட்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.