சூரியன் மேல் போட்ட பழி

தறியில் வலது கரையிலிருந்து ஊடைநூல் ஓட்டும் நாடா வரவில்லையே என்று சிவபாலன் தலையைத் திருப்பினான். பக்கத்தில் உட்கார்ந்து, புடவை உடலோடு கரையை இணைக்கும் கோர்வை போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி அகிலா, தறிக்கட்டையில் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தாள். கண்கள் பாதி திறந்திருந்தன. ஆறு மாத வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போய் வாசல் வேப்ப நிழலில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தான். அவள் விழித்ததும் முதலில் கேட்டது, புடவையில் தண்ணீர் பட்டதா என்றுதான்.

அன்று மாலை லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தறிக்கூடத்துச் சூட்டில் இனி உட்கார்ந்தால் பிள்ளைக்கு ஆகாது. அகிலா வீடு திரும்பியதும் தறிக்கூடத்தின் கூரையைப் பார்த்தாள். தகரம். போன மழையில் பழைய கீற்றுக் கூரை ஒழுகி ஒரு முகூர்த்தப் புடவை நாசமானபின் சிவபாலனே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு ஆணியாக அடித்த கூரை அது. தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காட்டியிருக்கிறான். கழற்றிவிடலாம் என்று அகிலா சொன்னபோது, அவனுக்குத் தன் கையையே குறை சொன்னதுபோல இருந்தது.

அவனிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. அந்த வாரம் சலூனில் படித்த பத்திரிகையில் செவ்வாய் கிரகத்தின் பனி உருகிக்கொண்டிருப்பதாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை சலூன்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"அங்க எவன் அடுப்பு மூட்டினான், எவன் லாரி ஓட்டினான்? சூரியன்தான் வருஷத்துக்கு வருஷம் சூடு ஏறிக்கினு வருது. தகரத்தக் கழட்டலாம். சூரியனக் கழட்ட முடியுமா?"

அகிலா மல்லுக்கு நிற்கவில்லை. "உங்க வசிஷ்ட் காலேஜுல அதத்தான பாடம் நடத்துறாரு. அவரு ஆமான்னு சொல்லிட்டா நான் வாயத் திறக்கல. வாங்க, போலாம்" என்றாள்.

வசிஷ்ட் அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலை ஒட்டிய வீடு. அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். பிள்ளை பௌதிகம் படித்துவிட்டு, மொட்டை மாடியில் தானே கண்ணாடி தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்து வைத்திருந்தான். இருட்டத் தொடங்கும் நேரத்தில் இவர்கள் இருவரும் மாடி ஏறினார்கள். அகிலா கைப்பிடிச் சுவரைப் பிடித்து மெதுவாக ஏறி, மேலே வந்து மூச்சு வாங்கினாள்.

பத்திரிகைப் பக்கத்தை வசிஷ்ட் முழுக்கப் படித்தான். செய்தி பொய்யில்லை என்றதும் சிவபாலன் மனைவியைப் பார்த்து மீசையைத் தடவினான். ஆனால் வசிஷ்ட் நிறுத்தவில்லை. செவ்வாயில் பனி குறைவது, சில வருடங்களில் அதன் தென் துருவத்து ஓரத்தில் எடுத்த படங்களில் தெரிகிற விஷயம். அங்கே அடிக்கிற புழுதிப் புயல் ஒரு வருடம் தரையைக் கறுப்பாக்கும், இன்னொரு வருடம் வெளுப்பாக்கும். கறுத்த இடம் வெயிலை அதிகம் வாங்கும். சூரியனையோ முப்பது வருடத்துக்கு மேலாக வானத்தில் கருவி வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். அது கூடியதாகத் தெரியவில்லை. சூரியன்தான் காரணமென்றால் எல்லாக் கிரகமும் சேர்ந்தல்லவா சூடாக வேண்டும்?

"அங்க சுடறது வேற, இங்க சுடறது வேற. ரெண்டும் ஒரே சமயத்துல நடக்கறதால, காரணமும் ஒண்ணாயிடுமாடா?"

சிவபாலன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அகிலா, யாரையும் பார்க்காமல், "சாயக்காரரு" என்றாள்.

அவ்வளவுதான். அவன் காது சூடாகிவிட்டது. தை மாதத்தில் அவர்கள் வீட்டு இரண்டு தறியிலும் ஒரே வாரத்தில் இழைகள் அறுந்து அறுந்து விழுந்தன. இரண்டும் ஒரே சாயப்பட்டறையில் தோய்த்த பட்டு. பட்டை வேகவைத்துக் கெடுத்துவிட்டார் என்று மாணிக்கவாசகத்தின் பட்டறை வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தான். பிறகு பார்த்தால், ஒரு தறியில் இழைகளைப் பிரிக்கும் அச்சின் பல் வளைந்து இழையை அறுத்திருந்தது. இன்னொன்று சுவரோரத் தறி, அங்கே எலி. அதே பட்டு வாங்கிய அடுத்த வீட்டுத் தறிகளில் ஓர் இழைகூடப் போகவில்லை. அதைக் கேட்டுவிட்டாவது கத்தப் போயிருக்கலாம். இன்றுவரை அவன் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

வசிஷ்டுக்கு எதுவும் புரியவில்லை. அவன் தொலைநோக்கியை மேற்கே திருப்பிவிட்டு அகிலாவைக் கூப்பிட்டான். அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் அசையாமல் நின்றாள்.

"அரை நிலா மாதிரி இருக்குது" என்றாள். குரல் கோயில் உள்ளே பேசுவதுபோலத் தணிந்திருந்தது.

அது நிலா இல்லை, விடிவெள்ளியாகவும் வருகிற வெள்ளி கிரகம் என்றான் வசிஷ்ட். பூமி அளவே இருக்கிற உலகம். ஒருகாலத்தில் அங்கே கடல்கூட இருந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்போது காரீயம் உருகுகிற சூடு. சூரியனுக்கு அதைவிடக் கிட்டே இருக்கிற புதன்கூட அவ்வளவு சுடாது.

"அப்ப எதனால?" என்றான் சிவபாலன்.

"மேல இருக்கற மூடியால. கரியமில வாயு. உள்ள வந்த சூட்ட வெளில விடாது. செவ்வாயக் காட்டிலும் நமக்கு அதுலதான் பாடம் இருக்கு."

"அங்கயும் எவனாவது தகரம் அடிச்சானா?"

"அங்க தானா மூடிண்டது. இங்க நாம போட்டுண்டு இருக்கோம்."

சிவபாலன் சிரிக்க நினைத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். கறுப்புக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பாதி வட்டம், கொதிநீரின் மேல் தெரிவதுபோல நடுங்கிக்கொண்டு நின்றது. அத்தனை அழகு. அதற்குள் அத்தனை வேக்காடு. ஒரு முழு உலகம், யாரும் கேட்காமல், வெந்துகொண்டே இருக்கிறது. மேகத்துக்குக் கீழே என்ன நிறம் இருக்கும் என்று யோசித்தான், யோசிக்க முடியவில்லை. கண்ணை எடுத்தபோது அகிலா ஒரு கையை வயிற்றில் வைத்தபடி வெறும் கண்ணாலேயே அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வெயில் ஏறுமுன் அவன் தறிகளின் மேல் வேட்டிகளைப் போர்த்திவிட்டு ஏணியை எடுத்தான். கூரையின் உச்சியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்கினான். முதல் தகரத்தை நெம்பித் தள்ளியதும், இரவு முழுக்க உள்ளே கிடந்த வெக்கை அவன் முகத்தில் ஊதிவிட்டு மேலே போனது. அதோடு பட்டுத் தூசியும் கிளம்பியது. ஊசி ஊசியாகச் சிவப்பும் பச்சையும், புதுவெயிலில் மின்னிக்கொண்டு.

கீழே ஏணியைப் பிடித்திருந்த அகிலா, "மேல இன்னா போடப் போறீங்க?" என்று கேட்டாள்.

கீற்றா, ஓடா என்று அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. தலையை அண்ணாந்து, அந்தத் தூசி ஒவ்வொன்றாக நீலத்துக்குள் கரைந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.