எல்லப்பனின் பிடி

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் வேதகிரி சும்மா நடக்கப் போகிறேன் என்றால் நம்ப ஆளில்லை. கபடித் திடல் பக்கமாகத்தானே அந்தக் கால் போகும்! மனைவி மலர்க்கொடிக்கு அது தெரியாதா? தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்தவள் அவள். "நடந்துட்டு நேரா வூட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லி, முகக்கவசத்தைக் கையில் திணித்து அனுப்பினாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம், உடம்பை அசைக்காமல் வைப்பதுதான் தப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கபடி மட்டும் ஆகாது. மாற்றி வைத்த கிட்னி அடிவயிற்றில், மேலாகவே இருக்கிறது. ஒரு முட்டி பட்டால் போச்சு. வேதகிரியும் சொன்ன பேச்சைக் கேட்டான். விடிந்தால் உத்திரமேரூர் ஏரிக்கரையில் நடை, பொழுது சாய்ந்தால் சைக்கிள். மூச்சு பழையபடி திரும்பியது. வினையே அங்கேதான் பிடித்தது. மூச்சு வந்த பிறகு கபடி பாட வாய் வராமல் இருக்குமா? நாலு பேர் மேலே விழுந்து பிடிக்க வேண்டும், உதறிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட வேண்டும். அதற்காக அவன் ஏங்கிய ஏக்கம் சொல்லி மாளாது.

அன்று திடலில் அவனுடைய பழைய உத்திரமேரூர் அணிக்கு எதிரே மாகறல் அணி. அதில் எல்லப்பன் ஆடினான். வேதகிரியின் கணுக்காலைப் பிடித்தே பேர் வாங்கியவன், ஆட்டம் முடிந்தால் தோளில் கை போட்டு டீக்கடைக்கு இழுத்துப் போகிறவன். பாதி ஆட்டத்தில் உத்திரமேரூர் பையன் ஒருவன் கால் சுளுக்கி வெளியே வந்தான். ஆசைக்கு வெட்கம் ஏது! வேதகிரி செருப்பை உதறினான். நடுவர் கை நீட்டித் தடுப்பதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டான்.

கபடி கபடி என்று அவன் பாடிக்கொண்டு போக, மாகறல்காரர்கள் ஏழு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவனும் கிட்டே வரவில்லை. வேதகிரி காலை நீட்டி நீட்டிக் காட்டினான். எல்லப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வேதகிரி அவன் தோளைத் தொட்டுவிட்டு, துரத்த ஆளில்லாமல் நடந்தே திரும்பினான். ஊரே கை தட்டியது. பாழாய்ப்போன கைதட்டல்! அவன் திடலை விட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதான்.

எல்லப்பன் பின்னாலேயே வந்தான்.

"ஏன்டா புடிக்கல?" என்றான் வேதகிரி, முகத்தைத் துடைக்காமலே.

"உன்ன புடிச்சி, எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, மலர்க்கொடி மூஞ்சில நான் எப்டி முயிப்பேன்? உனக்குள்ள கீறது அது குடுத்ததாச்சேடா."

இனி அந்தக் கோட்டுக்குள் தனக்கு வேலையில்லை என்பது வேதகிரிக்கே விளங்கிவிட்டது. "இனிமே ஆட மாட்டேன்டா," என்றான். "ஆனா யாருமே தொடாம வுட்டீங்க பாரு, அதத்தான் தாங்க முடியல."

எல்லப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். வேதகிரியின் மணிக்கட்டைப் பிடித்தான். பழைய பிடி, எலும்பு நோகும் பிடி. வேதகிரி கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.